மூன்றரைக்கு வரும் பைல்: திருகோணமலை அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

உவர்மலையிலும் வரோதயநகரிலும் கன்னியா வீதியிலும் இருக்கிற மாகாண, மாவட்ட அலுவலகங்களின் தலைவர்களுக்கும், மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதிப் பக்கம் உள்ள வங்கிகள், நிதி நிறுவனங்கள், காப்புறுதிக் கிளைகளின் முகாமையாளர்களுக்கும், ஏழெட்டுப் பேரை வைத்துத் தனியார் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். உத்தியோகத்தர்களின் உடல்நலத்தில் உங்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் நினைக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் மருத்துவ முகாம் வைக்கிறீர்கள். பிரஷர் பார்க்கிறார்கள், விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்கிறார்கள், "உப்பைக் குறையுங்கோ, நடவுங்கோ, யோசியாதேயுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பதினொரு மணிக்கு அவர் தன் மேசைக்குத் திரும்புகிறார். பின்னேரம் மூன்றரைக்கு ஒரு பைல் வருகிறது, மேலே சிவப்பு மையில் "இன்றே". காலையில் கேட்ட புத்திமதிகள் அத்தோடு சரி.

அந்தப் பைலைப் பற்றித்தான் இந்த மடல். உப்பும் நடையும் அவரவர் கையில். மூன்றரை மணிப் பைல் உங்கள் கையில்.

முதலில் மணிக்கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நாடி அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016இல் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இப்படி இறந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள்.

55 மணி என்றால் ஏதோ ஜப்பான் கதை என்று தோன்றும். ஒரு வங்கிக் கிளையை எடுத்துப் பாருங்கள். காலை 8க்கு உள்ளே வந்தவர் இரவு 7க்கு வெளியே போகிறார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் (அதை முழுதாக எடுத்தால்தான்) நாளுக்குப் பத்து மணி, ஐந்து நாளைக்கு ஐம்பது. சனிக்கிழமை எட்டரையிலிருந்து ஒன்றரை வரை ஐந்து. கூட்டினால் சரியாக 55. நம் ஊரில் இது அதிசயமான அட்டவணை இல்லை.

சட்டத்துக்கு உட்பட்டுத்தானே நடக்கிறோம் என்பீர்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் தனியார் அலுவலகங்களுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுக்கிறது. அதற்கு மேல் வாரத்துக்கு 12 மணி வரை ஓ.டி. செய்விக்கலாம், ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். 45உம் 12உம் 57. அதாவது சட்டம் அனுமதிக்கும் உச்சத்தைத் தொட்டால், மேலே சொன்ன 55ஐத் தாண்டியாகிவிட்டது. சட்டத்தின் எல்லையை உடம்பின் எல்லையாக எடுக்காதீர்கள். "எக்சிகியூட்டிவ்" என்று பெயர் மாறியதும் ஓ.டி. எழுதுவது நின்றுபோகும் இடங்களில் உண்மையான மணிக்கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரச அலுவலகத்தில் எட்டரையிலிருந்து நாலே கால். தாளில் ஏழே முக்கால் மணி, சாப்பாடும் அதற்குள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "கவர்ன்மென்ட் உத்தியோகத்துக்கு என்ன குறை" என்று கேட்பது அதனால்தான். ஆனால் கந்தளாயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறவரையும், மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறவரையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை ஆறேகாலுக்கு வீட்டுப்படி இறங்கி மாலை ஆறரைக்கு ஏறினால் பன்னிரண்டேகால் மணி நேரம் போயிற்று. பெண் என்றால் விடிய நாலரைக்கே அடுப்படியில். இரவு பத்தரைக்குக் கண்ணயர்ந்தாலும் ஆறு மணி நேர நித்திரைதான், வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வந்து கிழமை முழுக்கப் போர்டிங்கில் தங்குகிறவரின் கதை வேறு: அவருக்குப் பயண நேரம் குறைவு, கடைச் சாப்பாடு கூட, "இவருக்கு வீட்டுக்குப் போற அவசரம் இல்லை" என்று பின்னேர வேலை எல்லாம் அவர் தலையில்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் நாலு கிழமைக்கு எண்ணிப் பாருங்கள். கைரேகை இயந்திரத்தில் உள்ள வரவு, வெளியேற்றம் இரண்டையும் எடுங்கள். வழக்கமாக வரவை மட்டும்தான் பார்ப்போம், பிந்தி வந்தவரைப் பிடிப்பதற்காக. இந்த முறை பிந்திப் போனவரைப் பாருங்கள். அதோடு ஒவ்வொருவரும் பயண நேரத்தையும், வீட்டில் போனில் பார்த்த வேலையையும் தோராயமாக எழுதித் தரட்டும், பெயர் இல்லாமல். வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டுபவர்கள் யார், எந்தக் கிளை, எந்த நாள் என்று பிரித்தால் பெரும்பாலும் ஒரே இரண்டு மூன்று மேசைகள்தான் திரும்பத் திரும்ப வரும். பிரச்சினை அலுவலகம் முழுவதும் பரவியிருப்பதாக நினைத்திருப்பீர்கள். அது சில கதிரைகளில் குவிந்திருக்கும்.

இனி உடம்புக்குள் நடப்பது. அவசரம் வந்ததும் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. சற்றுப் பிந்தி கோர்ட்டிசோல் வந்து கல்லீரலில் இருக்கிற சீனியை இரத்தத்துக்குள் இறக்குகிறது. நாயைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. கதிரையில் இருந்து எக்செல் நிரப்புகிறவருக்கு அந்தச் சீனி செலவாக வழி இல்லை. ஆரோக்கியமான உடம்பில் இரவு நித்திரையில் அழுத்தம் பகலைவிடப் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டும். மனம் அலுவலகத்திலேயே கிடந்தால், நித்திரை குறைந்தால், அந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை. நாடிச் சுவருக்கு ஓய்வு இல்லை. இன்னொரு பாதையும் உண்டு: பிந்திப் போகிறவர் நடப்பதில்லை, பசியோடு பஸ் நிலையத்தில் இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறார், சிகரெட்டோ குடியோ பழக்கம் இருந்தால் அது கூடுகிறது.

"அழுத்தம் எங்களுக்குத்தான், பொறுப்பு எங்கள் தலையில்" என்று நீங்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பிரித்தானிய அரச உத்தியோகத்தர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு இதற்கு நேர் எதிரான ஒன்றைக் காட்டியது. மேல்தர அதிகாரிகளைவிடக் கடைநிலையில் இருந்த வாயிற்காவலர், கடிதம் கொண்டுசெல்பவர் போன்றவர்கள் இதய நோயால் இறந்த வீதம் மூன்று மடங்குக்கும் மேல். புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளியின் பெரும்பகுதி மிஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் தொடர்ந்து பார்த்ததில், ஒரு முக்கியக் காரணம் தெரிந்தது: தன் வேலையைத் தான் எப்போது, எந்த ஒழுங்கில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமை. வேலை கூடவாக இருந்து, பிடி தன் கையில் இருந்தால் உடம்பு தாங்குகிறது. வேலையும் கூட, பிடியும் பிறர் கையில் என்றால்தான் அடி விழுகிறது.

மூன்றரை மணிப் பைல் அந்தப் பிடியைப் பறிப்பது. அது ஏன் மூன்றரைக்கு வருகிறது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது. தபால் காலையிலேயே வந்துவிடுகிறது. உள்வரும் தபால் பதிவேட்டில் ஒன்பதரைக்குள் ஏறியும் விடுகிறது. பிறகு குறிப்புப் போடுவதற்காகத் தலைவரின் மேசையில் தட்டில் கிடக்கிறது. தலைவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டத்தில். இரண்டு மணிக்கு வருகிறார், சாப்பிடுகிறார், வாசலில் காத்திருக்கும் பொதுமக்களைப் பார்க்கிறார், மூன்று மணிக்குத் தட்டைத் தொடுகிறார். மூன்றரைக்கு அலுவலக உதவியாளர் பைல்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசை மேசையாக வைக்கிறார். அந்தக் கடிதம் ஆறு மணி நேரம் சும்மா கிடந்துவிட்டு, கடைசி முக்கால் மணி நேரத்தில் "அவசரம்" ஆகிறது.

இதற்கு மருந்து ஒரு கையொப்பம். தபாலைத் திறந்து உரிய கிளைக்குக் குறித்து அனுப்பும் அதிகாரத்தை உங்களுக்கு அடுத்தவருக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து மணிக்குள் ஒரு சுற்று, பகல் ஒன்றரைக்கு ஒரு சுற்று. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்னென்ன என்று (நிதி, ஒழுக்காற்று, நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) தனியே குறித்துக் கொடுங்கள். மற்றவை உங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டரைக்குப் பிறகு கையில் கொடுக்கும் எதுவும் அடுத்த நாள் வேலை என்று வழக்கமாக்குங்கள்.

விதிவிலக்கு வரும், வராமல் இராது. கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வரும், "இன்று மாலை 4க்குள்" என்று. அதற்காக ஒரு சிஆர் கொப்பி வாங்கி "அவசரப் பதிவேடு" என்று எழுதி வையுங்கள். ஐந்து நிரல் போதும்: திகதியும் நேரமும், யார் கேட்டது, எப்போது வேண்டும் என்றது, எப்போது அனுப்பினோம், கடைசி நிரலில் கேட்டவர் அதை உண்மையில் எப்போது பாவித்தார். இந்தக் கடைசி நிரலை ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டுத்தான் நிரப்ப முடியும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஒரு மாதம் முடிய அதை விரித்துப் பார்த்தால், எத்தனை "இன்றே"க்கள் அடுத்த கிழமை வரை யாராலும் திறக்கப்படாமல் கிடந்தன என்று தெரியும். அந்தப் பக்கத்தின் பிரதியோடு அமைச்சுக்கு எழுதினால் உங்கள் வாதத்துக்குப் பலம் இருக்கும். "எங்கட பிள்ளைகள் கஷ்டப்படுகினம்" என்று கூட்டத்தில் சொன்னால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

திருகோணமலைக்கே உரிய இன்னொரு மறைவேலையும் இருக்கிறது. சுற்றறிக்கை சிங்களத்தில் வருகிறது, பதில் சிங்களத்தில் போக வேண்டும், ஆனால் கிளையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அதை வாசித்து விளங்குவதே பாடு. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவர் எப்படியும் இருப்பார். தன் வேலையை முடித்துவிட்டு எல்லாருடைய கடிதத்தையும் அவர்தான் மொழிபெயர்ப்பார். அவருடைய கடமைப் பட்டியலில் அது ஒரு வரிகூட இல்லை. கிழமைக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அவருடைய பைல்களில் ஒரு பகுதியை மற்றவருக்கு மாற்றிக் கொடுத்து, மொழிபெயர்ப்பைக் கடமைப் பட்டியலில் ஏற்றுங்கள். நன்றி சொன்னால் போதும் என்று நினைப்பது அநியாயம்.

வங்கிகளில் பிந்துவதன் காரணம் வேறு. கவுண்டர் மூடியதும் காசு சமப்படுத்த வேண்டும். ஒருவருக்கு நூறு ரூபாய் குறைந்தாலும் பெட்டக அறைத் திறப்பு வைத்திருக்கும் இருவரும் இருந்தே ஆக வேண்டும். அது பாதுகாப்பு விதி, அதைத் தொட வேண்டாம். ஆனால் திறப்புப் பொறுப்பை நாலு பேருக்குள் கிழமை மாற்றிச் சுழற்றலாம், ஒரே இருவர் வருடம் முழுக்க அதைச் சுமக்கத் தேவையில்லை. காசு சரிவந்த பிறகு "டார்கெட்" அழைப்புகளுக்காக ஆட்களை இருத்திவைப்பது அடுத்தது. அதைக் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் இருவருக்கு ஒதுக்கிப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குக் கடன் விற்க எடுக்கும் போனை வாடிக்கையாளரும் விரும்புவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முகாமையாளர் எழும்பாமல் யாரும் எழும்ப மாட்டார்கள். கிழமையில் இரண்டு நாளாவது ஐந்து மணிக்கு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பார்க்க வெளியே போங்கள். வேலை இருந்தால் அடுத்த நாள் காலையில் வந்து பாருங்கள்.

வட்ஸ்அப் குழு. இரவு ஒன்பதரைக்கு நீங்கள் போடும் செய்திக்கு உடனே பதில் வேண்டும் என்று நீங்கள் நினைக்காமல் இருக்கலாம். மறந்துவிடுவேனோ என்றுதான் போடுகிறீர்கள். ஆனால் பார்த்தவர் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். பதில் எழுதுவதற்கு இரண்டு நிமிடம்தான், எந்த நேரமும் வரலாம் என்ற காத்திருப்புத்தான் நித்திரையைத் தின்கிறது. மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை குழுவில் எதுவும் போடக்கூடாது, உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும். அழைக்க வேண்டும் என்றால் மனிதர் யோசிப்பார், தட்டி அனுப்புவதற்கு யோசிப்பதில்லை. மறந்துவிடும் என்று பயந்தால் உங்கள் இலக்கத்துக்கே அனுப்பி வைத்துவிட்டுக் காலையில் குழுவுக்கு மாற்றுங்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அன்றைக்கே ஆள் விழக்கூடும். காலையில் கிளிக்லசைட் போன்ற சீனி வருத்தக் குளிசையோ இன்சுலினோ எடுத்தவர் பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டியவர். கூட்டம் இரண்டரை வரை இழுத்தால் இரத்தத்தில் சீனி கீழே விழும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். "ஐயாவுக்குக் கோபம்" என்று மற்றவர்கள் விலகிப் போவார்கள். உணர்வோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வையுங்கள். சீனியில்லாத சோடா உதவாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் படுக்க வைத்து 1990ஐ (அம்புலன்ஸ் இலக்கம்) அழையுங்கள். இதைத் தடுக்கும் வழி எளிது: பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் கூட்டம் வைக்காதீர்கள். பொதுமக்கள் கவுண்டரில் இருவரை மாற்றி மாற்றி அனுப்புங்கள், யார் முதலில் போவது என்பதைக் குளிசை எடுப்பவர்களே சொல்லட்டும்.

தேத்தண்ணியையும் கவனியுங்கள். ஒரு கோப்பையில் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் எட்டிலிருந்து பத்துக் கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 முதல் 50 கிராம். ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லப்படும் உச்ச அளவு தேத்தண்ணியிலேயே தீர்ந்தது. பொதுவாகப் போட்டுக் கலக்காமல் சீனியைத் தனியே வைத்தால் பாதிப்பேர் தாங்களாகவே குறைப்பார்கள்.

கழிப்பறை. இதை யாரும் கூட்டத்தில் எழுப்புவதில்லை, பெண்கள் எழுப்பவே மாட்டார்கள். திறப்பு பிரதம எழுத்தாளரின் லாச்சியில், தாழ்ப்பாள் உடைந்தது, தண்ணீர் காலையில் மட்டும். இப்படி இருக்கும் இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், நம் ஊர் வெயிலில், இதன் விலை சிறுநீர்த் தொற்று, தலையிடி, மலச்சிக்கல், சிலருக்குச் சிறுநீரகக் கல். கர்ப்பிணிக்கு அந்தத் தொற்று சாதாரணமானது அல்ல. ஒரு தாழ்ப்பாளும், ஒரு வாளியும் கோப்பையும், மூடியுள்ள குப்பைக் கூடையும், திறப்பைச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவதும், நீங்கள் நடத்தும் எந்த மருத்துவ முகாமையும்விட மலிவு.

கதிரை, திரை விடயம் சுருக்கமாக. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான மேசைகளில் அது தாழ்வு, அதனால் கழுத்து முன்னுக்குத் தள்ளுகிறது. ஏ4 தாள் கட்டு ஒன்று சுமார் ஐந்து சென்ரிமீற்றர் உயரம், ஒன்றோ இரண்டோ அடியில் வைத்தால் சரி. திரைக்கும் கண்ணுக்கும் ஒரு கை நீளம். கதிரை விளிம்புக்கும் முழங்கால் பின்பக்கத்துக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி. கால் தரையில் முட்டாவிட்டால் அடியில் பலகை. யன்னலை நோக்கியோ யன்னலுக்கு முதுகு காட்டியோ திரையை வைக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறி நேரே முகத்தில் அடித்தால் கண் காயும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துபோகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது விநாடி, ஆறு மீற்றருக்கு அப்பால் பார்த்தால் கண்ணுக்குப் போதும். நாரி நோவுக்கு அது போதாது, அரை மணிக்கொரு தடவை எழும்ப வேண்டும். அச்சுப்பொறியை அறையின் மறுகோடியில் வைத்தால் யாரும் சொல்லாமலே எழும்புவார்கள்.

முகாம் வைப்பதானால் ஒழுங்காக வையுங்கள். மாடிப்படி ஏறி வந்தவரை நின்ற நிலையிலேயே பிடித்து, சேர்ட் கைக்கு மேலால் பட்டியைச் சுற்றி ஒருமுறை அமத்திப் பார்த்துக் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பதித்து, பேசாமல் இருக்க வேண்டும். அரை மணிக்குள் தேநீரோ சிகரெட்டோ கூடாது. சிறுநீர் முட்டக்கூடாது. வெறும் கையில், இதய மட்டத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இன்னொன்று, சிலருக்கு வைத்தியசாலையில் சரியாக இருக்கும் அழுத்தம் வேலை மேசையில் ஏறி நிற்கும். அதைக் காலை முகாம் பிடிக்காது. மேற்கையில் கட்டும் ஒரு நல்ல டிஜிட்டல் கருவியை அலுவலகத்தில் வைத்து, விரும்புகிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொள்ள விடுங்கள். எண்கள் அவரவருக்கு மட்டும், உங்கள் மேசைக்கு வரக்கூடாது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்வு மையங்களில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. அதற்குப் போகும் அரை நாளுக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள்.

நெஞ்சு நோவு வந்தால் நம் அலுவலகங்களில் முதலில் வரும் சொல் "காஸ்ட்ரைட்டிஸ்". இஞ்சித் தேத்தண்ணி, சோடா, ஒரு ஈனோ, பிறகு "கொஞ்சம் சாய்ந்து இருங்கோ". அந்த அரை மணி நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் சில நிமிடத்துக்கு மேல் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர் வியர்வை, இவற்றில் எது இருந்தாலும் 1990. சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, வைத்தியர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்குத் தொடங்கினது" என்றுதான்.

மனச் சோர்வு இப்படிச் சத்தத்தோடு வராது. வேலையால் வரும் முற்றான சோர்வை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை, தொழிலோடு தொடர்பான ஒரு நிலை என்றே சேர்த்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எதிலும் நம்பிக்கை இல்லாமல் பேசுதல், கைவந்த வேலையும் வராமை. உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றால், பதினைந்து வருடம் பிழைவிடாதவரின் வவுச்சரில் கூட்டல் பிழை வரும், திங்கட்கிழமை லீவுகள் கூடும், பகிடி விடுகிறவர் வாய் மூடிவிடுவார், தபால் எழுதும் பெண் பிள்ளை பொதுமக்களிடம் சீறுவாள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பாதீர்கள். கதவைச் சாத்தி, பதினைந்து நிமிடம் கதையுங்கள். "உங்களுக்கு என்ன நடந்தது" என்று தொடங்கினால் ஆள் மூடிக்கொள்வார். "உங்கட மேசையில இப்ப என்னென்ன கிடக்கு, எதை நான் எடுக்கலாம்" என்று தொடங்குங்கள். ஒன்றையாவது அன்றே எடுங்கள். நித்திரையே இல்லை, வாழ்ந்து என்ன என்பதுபோலப் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம். பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பொதுமக்கள் முன்னால் ஏசுவதையும், தண்டனையாக இடமாற்றத்தைக் காட்டி வெருட்டுவதையும் நிறுத்தினால் இந்த உரையாடல்களில் பாதி தேவைப்படாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தபால் குறிக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுப்பதும், அவசரப் பதிவேட்டைத் திறப்பதும், கழிப்பறைத் தாழ்ப்பாளும் இந்தக் கிழமையிலேயே முடியும். மழைக்காலக் கடமை முறைப் பட்டியலுக்கு மட்டும் ஒக்டோபர் முடிவதற்குள் கடைசித் தவணை இருக்கிறது. வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் வெள்ளம், இடம்பெயர்வு, நிவாரணம் என்று பல அலுவலகங்கள் இரவு பகலாக ஓட வேண்டியிருக்கும். அப்போது ஆறு மணி வட்ஸ்அப் விதியெல்லாம் நிற்காது, நிற்கவும் கூடாது. அதற்கான முறைப் பட்டியலை இப்போதே போடுங்கள்: ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் இல்லை, இரவுக் கடமை முடிந்தவருக்கு அடுத்த பகல் வீட்டில், வேலை செய்த விடுமுறை நாளுக்குப் பதில் லீவு எந்தத் திகதிக்குள் என்று பெயருக்கு நேரே. சீனி வருத்தக்காரர், கர்ப்பிணி, கைக்குழந்தைத் தாய் யார் என்று கேட்டுவிட்டுப் பட்டியலை ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு அல்ல.

இப்படிக்கு,
தொழிலிட நலத்துறையில் வேலை செய்யும் சிலர்,
திருகோணமலை